பத்து நிமிடம் நிற்க முடியாத பிள்ளை

வைரஸ் காய்ச்சல் வந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. பதின்மூன்று வயதுப் பெண் இன்னும் தேறவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா பிள்ளைகளோடு ஓடியாடினாள். திங்கட்கிழமை பள்ளி என்றதும் படுத்துவிட்டாள். மட்டம் போடுகிறாள் என்றே வீட்டில் நினைப்பார்கள். நாட்பட்ட களைப்பு நோய் பல பிள்ளைகளுக்கு இந்தப் பழியோடுதான் தொடங்குகிறது.

வெறும் களைப்பை வைத்து இந்த நோயை அறிய முடியாது. களைப்பு எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓடினாலும் சரி, ஊன்றிப் படித்தாலும் சரி, தாங்கும் அளவை மீறினால் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் சரிந்துவிடும். இதைப் பின்சரிவு என்போம். ஞாயிறு ஆட்டத்தின் பின்சரிவு திங்களன்று வருகிறது. பழி பள்ளியின் மேல் விழுகிறது. தூங்கி எழுந்தாலும் தெளிவு இராது. படித்த வரியையே மறுபடி மறுபடி படிக்க நேரும்.

இந்த நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பிள்ளைகளிடம் இதனோடு அதிகம் காணப்படுவது நிமிர்நிலைத் தாங்காமை, அதாவது நிமிர்ந்து நிற்பதை உடல் பொறுக்காத நிலை. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் காக்கும். அந்தச் சுருக்கம் போதாவிட்டால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு, நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40-ஓ அதற்கு மேலோ கூடி அப்படியே நீடித்து, ரத்த அழுத்தமும் விழாமல் இருந்தால், அதை மருத்துவர்கள் பாட்ஸ் என்பார்கள். படுத்திருந்தபோது 70 இருந்த நாடி 115-ஐத் தொடும். பாதம் கருநீலமாகும். பிள்ளை தன்னையறியாமல் காலைப் பின்னிக்கொள்ளும், சுவரில் சாயும். காலை வழிபாட்டு வரிசையில் மயங்கி விழும் பிள்ளைகளில் சிலருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வளரிளம் பருவத்தினரிடம் களைப்பு நோய்க்கும் நிமிர்நிலைத் தாங்காமைக்கும் உள்ள தொடர்பை 1990-களில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் ரோவ். கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு மூட்டுகள் வளையும் பிள்ளைகள் இந்த நோயுள்ளவர்களில் நிறைய இருப்பதையும் அவர் குழுவினர் கண்டனர். ஒற்றைத் தலைவலி, குடல் எரிச்சல் நோய் ஆகியவையும் சேர்ந்து வருவதுண்டு.

மனச்சோர்வும் சிலருக்குச் சேர்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மனச்சோர்வில் ஆசையே வற்றிப்போகும். இந்தப் பிள்ளைக்கோ ஆசை நிறைய இருக்கும், உடல்தான் இடம் கொடுக்காது.

களைப்பு நோயையே தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. கூட வந்தவற்றுக்கு வழி உண்டு. நிமிர்நிலைத் தாங்காமைக்குக் கூடுதல் தண்ணீர், மருத்துவர் சொல்லும் அளவில் உப்பு, இறுக்கமான காலுறை, தேவைப்பட்டால் மருந்து. எல்லாவற்றுக்கும் அடிப்படை, இருக்கும் சக்தியை அளந்து செலவிடுவது. உடற்பயிற்சியை வாராவாரம் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021-இல் சொல்லிவிட்டது. பிள்ளைகள் தேறுவதற்கான வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், படுத்த நிலையிலும் பத்து நிமிடம் நின்ற பிறகும் நாடியைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சோம்பேறி என்று அதுவரை சொல்லாதீர்கள்.