வீணாகும் மின்சாரத்தைத் திருப்பி அழைத்தவர்

"தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று வினாடி வினாப் போட்டியில் கேட்டால் உங்களில் பாதிப் பேர் கேள்வி முடியும் முன்பே கையைத் தூக்கிவிடுவீர்கள். "ஜான் லோகி பெயர்டு!" ஒரு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த ஒரு மதிப்பெண்ணில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெயர்டு செய்தது சிறிய காரியம் அன்று. 1926 ஜனவரியில் இலண்டனில், சுழலும் தட்டுகளைக் கொண்டு அசையும் உருவத்தைக் கம்பி வழியே அனுப்பிக் காட்டினார். ஆனால் 1936 நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் அலெக்ஸாந்திரா அரண்மனையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கியபோது இரண்டு முறைகள் போட்டியிட்டன. ஒரு வாரம் பெயர்டின் 240 வரி முறை, மறுவாரம் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறை. மூன்று மாதங்களில் முடிவு தெரிந்துவிட்டது. 1937 பிப்ரவரியிலிருந்து 405 வரி முறை மட்டுமே நிலைத்தது. போர்க்காலத்தில் நின்றிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1985 வரையில் பிரிட்டனில் அந்த ஒளிபரப்பு இருந்தது. வென்ற முறையை உருவாக்கிய குழுவில் யார் இருந்தார்கள் என்று எந்த வினாடி வினாவும் கேட்பதில்லை.

ஐசக் ஷோன்பெர்க் என்பவர் தலைமையில் இயங்கிய அந்தக் குழுவில் ஆலன் புளூம்லைன் என்ற இளம் பொறியாளர் இருந்தார். 1903-ல் இலண்டனில் பிறந்தவர். சிறு வயதில் படிப்பில் பின்தங்கியிருந்தார் என்றும், ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுது பார்த்துவிட்டு "எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்" என்று கையெழுத்திட்டுத் தந்தையிடமே கூலிப் பட்டியல் கொடுத்தார் என்றும் கதை சொல்வார்கள். பெரியவர்களைப் பற்றிய இத்தகைய கதைகளை நான் அரைக் கண்ணால்தான் படிப்பேன். அவர் பெயரில் பதிவான 128 காப்புரிமைகள் கதையல்ல. இரட்டை ஒலி எனப்படும் ஸ்டீரியோ முறைக்கு 1931-ல் விண்ணப்பித்தவரும் இவரே. ஆனால் நான் சொல்ல வந்தது படக்குழாயை ஓட்டும் மின்சுற்றுகளைப் பற்றி.

கேத்தோடு கதிர்க் குழாயைப் பற்றி உங்கள் பாடநூல் சொல்கிறது. பின்புறம் எலக்ட்ரான் துப்பாக்கி. முன்புறம் ஒளிரும் பூச்சு பூசிய திரை. இடையில் கற்றையைத் திசை திருப்பும் அமைப்பு. 1897-ல் பிரௌன் அமைத்த குழாயின் படமும் இருக்கும். அத்துடன் பாடம் முடிந்துவிடும். தனியாகக் கிடக்கும் படக்குழாய், மாடில்லாத வண்டி. அதை இழுத்துச் செல்வது மின்சுற்று.

நீங்கள் நோட்டில் எப்படி எழுதுகிறீர்கள்? இடமிருந்து வலமாக நிதானமாக எழுதுகிறீர்கள். வரி முடிந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு கை சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. எலக்ட்ரான் கற்றையும் திரையில் இதையேதான் செய்ய வேண்டும். நம் நாட்டில் வழங்கிய முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். வினாடிக்கு 25 படங்கள். ஆக, வினாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது 64 மைக்ரோ வினாடி. அதில் ஏறத்தாழ 52 மைக்ரோ வினாடி எழுதுவதற்கு. மீதி 12 மைக்ரோ வினாடிக்குள் கற்றை திரும்பிவிட வேண்டும்.

கற்றையைத் திருப்புவது குழாயின் கழுத்தில் மாட்டிய கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்னோட்டம் ஒரு திசையில் சீராக மாறி, பிறகு சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பினால் போதும். வரைபடம் போட்டால் ரம்பத்தின் பல் போல் இருக்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் கம்பிச் சுருளின் குணம் உங்களுக்குத் தெரியுமே! மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும். காந்தப் புலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "இதை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருளின் தன்மின்தூண்டல் எண் 1 மில்லிஹென்றி என்றும், திரையின் வலக்கோடியில் மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றும் வைத்துக்கொள்வோம். இடக்கோடியில் அதே 3 ஆம்பியர் எதிர்த்திசையில் ஓடும், நடுவில் சுழி. மின்னோட்டத்தின் இருமடியைத் தன்மின்தூண்டல் எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் சேர்ந்திருக்கும் ஆற்றல் கிடைக்கும்: 4.5 மில்லிஜூல். கொசுவுக்குக்கூடப் போதாது என்று தோன்றும். ஆனால் வினாடிக்கு 15,625 முறை இதை ஒரு மின்தடையில் கொட்டி வெப்பமாக்கினால் 70 வாட்! இடக்கோடியிலும் இதே அளவு ஆற்றலைப் புதிதாகக் கொடுத்து, அதையும் இழந்தால் 140 வாட். படம் இல்லை, ஒலி இல்லை. கற்றையை இடமும் வலமும் இழுப்பதற்கு மட்டும் இவ்வளவு. பிற்காலத்துச் சிறிய வண்ணப் பெட்டி முழுவதுமே இதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடியது. அப்படியானால் இந்தக் கணக்கில் எங்கோ ஒரு மாயம் நடந்திருக்க வேண்டும் அல்லவா?

மாயம் இதுதான். ஊஞ்சலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் அதைப் பிடித்து நிறுத்தி, தோளில் சுமந்து அடுத்த பக்கம் கொண்டுபோய் வைக்கிறார். இன்னொருவர் கையை விட்டுவிடுகிறார். ஊஞ்சல் தானே போய்ச் சேருகிறது. சுருளுடன் ஒரு மின்தேக்கியை இணைத்தால் அது மின் ஊஞ்சலாகிவிடும். வரி முடிந்ததும் மின்வழியைத் துண்டித்துவிட்டால் சுருளில் உள்ள ஆற்றல் மின்தேக்கிக்குள் பாய்கிறது, மின்னோட்டம் சுழியாகிறது. அடுத்த நொடிப்பொழுதில் மின்தேக்கி அதே ஆற்றலைச் சுருளுக்குத் திருப்பித் தருகிறது. இப்போது மின்னோட்டம் எதிர்த்திசையில்! அரை ஊசல் முடிவதற்குள் கற்றை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு வந்துவிட்டது. அரை ஊசலுக்கு 12 மைக்ரோ வினாடி ஆக வேண்டுமென்றால், நம் சுருளுக்கு வேண்டிய மின்தேக்கி சுமார் 15 நானோ ஃபாரடு. விரல் நுனியளவு பொருள்!

இந்த ஒத்ததிர்வு மீள்வைப் புளூம்லைன் 1930-களின் தொடக்கத்திலேயே காப்புரிமையில் எழுதிவிட்டார். மின்தேக்கி புதிதல்ல, சுருள் புதிதல்ல, ஒத்ததிர்வோ அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. எதை எப்போது துண்டிப்பது, எதை எப்போது இணைப்பது என்பது மட்டுமே புதிது. அது கண்டுபிடிப்பு அல்ல என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

கதை இன்னும் முடியவில்லை. ஊஞ்சலை விட்டுவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்குமே? அரை ஊசல் முடிந்ததும் அதை அடக்க வேண்டும். அதற்கு ஒரு டயோடைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள். அது ஊசலை அடக்குவதோடு நிற்காமல், சுருளில் உள்ள ஆற்றலை மின்வழங்கிக்கே திருப்பி அனுப்பவும் செய்தது. அவ்வாறு மின்னோட்டம் 3 ஆம்பியரிலிருந்து சீராகக் குறைந்து சுழிக்கு வரும்போது கற்றை இடக்கோடியிலிருந்து நடுத்திரைக்கு வந்திருக்கும். அதாவது, திரையின் இடப்பாதியை வரைந்தது ஏற்கெனவே செலவான மின்சாரம்! வலப்பாதிக்கு மட்டுமே புதிதாக எடுத்தார்கள். அதையும் அடுத்த சுற்றில் பெருமளவு திரும்பப் பெற்றார்கள். இந்த வடிவம் ஒருவர் கையில் உருவானதன்று. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய ஓட்டோ ஷேட் 1947-ல் இத்தகைய காந்த விலக்குச் சுற்றுகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை பொறியாளர்களுக்குப் பல காலம் வழிகாட்டியது.

ஓர் உபரி இலாபமும் உண்டு. ஊசலின் நடுவில் நம் மின்தேக்கியில் எழும்பும் மின்னழுத்தம் சுமார் 800 வோல்ட். இந்தத் துடிப்பை ஒரு மின்மாற்றியில் ஏற்றி, வண்ணக் குழாய்க்கு வேண்டிய 25,000 வோல்ட் வரை உயர்த்தினார்கள். கற்றை திரும்பும் அந்த 12 மைக்ரோ வினாடி படத்துக்குப் பயன்படாத நேரம். அதிலிருந்தே குழாய்க்கு வேண்டிய உயர் அழுத்தத்தைக் கறந்துகொண்டார்கள். (ஆசையில் யாரும் பழைய பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் நெடுநேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். உயிருக்கு ஆபத்து.)

புளூம்லைனின் வேறு இரண்டு சுற்றுகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொலைவிலிருந்து நீண்ட கம்பி வழியே படச் சைகையைக் கொண்டுவந்தபோது வழியில் உள்ள மின்சாரக் கம்பிகளின் இரைச்சலும் கூடவே வந்தது. இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் சமமாக ஏறுகிறது. சைகையோ எதிரெதிராக இருக்கிறது. அப்படியானால் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று வேண்டும். இரண்டு வால்வுகளை ஒரே நீண்ட மின்தடையில் வாலாகக் கட்டி அதைச் செய்தார். 1936-ல் காப்புரிமை கேட்டார். இன்று இதய மின்வரைவுக் கருவியின் முகப்பில் இருப்பதும் இதே தத்துவந்தான். மற்றொன்று, ராடார் திரையில் காலத்தைத் துல்லியமாக அளக்கத் தேவையான, கோல் வைத்து வரைந்தது போன்ற நேர்கோட்டு மின்னழுத்தத்தைத் தரும் சுற்று. அதை அவர் ஆக்கினார் என்று இன்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதன் பெயர் மில்லர் சுற்று! அது பயன்படுத்தும் விளைவை 1920-ல் விளக்கியவர் மில்லர் என்ற அமெரிக்கர். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

பெயர் மறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1942 ஜூன் 7-ஆம் நாள், விமானத்திலிருந்து நிலத்தைக் காட்டும் ராடாரைச் சோதித்துப் பார்க்கச் சென்ற ஹாலிஃபாக்ஸ் விமானம் வேல்ஸ் எல்லையருகே தீப்பிடித்து விழுந்தது. பதினொரு பேரும் மாண்டனர். புளூம்லைனுக்கு வயது 38. அவருடன் பல காப்புரிமைகளில் சேர்ந்து உழைத்த செசில் பிரௌனும் அதே விமானத்தில் இருந்தார். வேலை இராணுவ இரகசியம். ஆகவே இரங்கல் குறிப்புக்கும் இடமில்லை. உலகம் அவரை அறிந்துகொள்ளும் முன்பே மறக்க ஏற்பாடாகிவிட்டது.

"இப்போது படக்குழாயே இல்லையே, ஐயா! வீட்டில் தட்டைத் திரை வந்துவிட்டது. இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணப் பெட்டிகள் படக்குழாய் கொண்டவை. அவற்றில் பல இன்று பரண்மேல் கிடக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டுக் கைப்பேசி மின்னேற்றியைக் கையில் எடுங்கள். அத்தகைய மின்னேற்றிகளில் பெரும்பாலானவற்றில் உள்ள சுற்றின் பெயர் ஃபிளைபேக், அதாவது மீள்வுச் சுற்று. மின்னோட்டம் ஓடும்போது காந்தப் புலத்தில் ஆற்றலைச் சேர்த்து, துண்டித்ததும் அதை வெளியே கொடுக்கிறது. படக்குழாயில் கற்றை இடப்பக்கம் திரும்பிய அந்த மீள்வின் பெயரைத்தான் அது சுமந்துகொண்டிருக்கிறது.

என் மனக்குறைக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் மின்சுற்றை எப்படிப் படிக்கிறோம்? படத்தைப் பார்த்து வரைகிறோம், பாகங்களைக் குறிக்கிறோம், செய்முறைத் தேர்வில் அதே வரிசையில் கம்பிகளை இணைத்துக் காட்டுகிறோம். நான் படித்த காலத்தில், "இந்த மின்தேக்கி ஏன் இங்கே இருக்கிறது, ஐயா?" என்று ஒரு முறை கேட்டேன். "படத்தில் இருக்கிறது, அதனால் இருக்கிறது" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. குழாயைக் கண்டவருக்குப் பாடநூலில் உருவப்படம் உண்டு. சுற்றை அமைத்தவருக்கு அடையாளமற்ற கோடுகள்தாம். அந்தக் கோடுகளும் ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தவை என்பதை ஆசிரியர் ஒரு வரி சொன்னால் போதும். வகுப்பில் நான்கு பேராவது அந்த மின்தேக்கியை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

பென்சில் இன்னும் கையில் இருக்கிறதா? அப்படியானால் பழைய 405 வரி முறைக்கு அதே கணக்கைப் போடுங்கள். அதிலும் வினாடிக்கு 25 படங்கள்தாம். அதே சுருள், அதே 3 ஆம்பியர். ஆற்றலைத் திரும்பப் பெறாவிட்டால் எத்தனை வாட் வெப்பமாகிப் போகும்? விடையை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். கூடவே, மின்தேக்கியைப் பற்றிய என் பழைய கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.