‘பேசி முடிச்சுக்கலாம்’னு சொல்ற கார்க்காரருக்கு

சென்னை–திருச்சி நாலுவழிச்சாலை எங்க பெரம்பலூர் மாவட்டத்துக்குக் குறுக்கே ஓடுது. பல ஊர்கள்ல வீடு ஒரு பக்கம், கொல்லை இன்னொரு பக்கம். பருத்தி எடுக்கப் போறவங்க, மாட்டுக்குத் தீவனம் அறுத்துட்டு வர்றவங்க எல்லாரும் அந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆகணும். அடிபடுறதும் நடக்குது. ரோட்டைப் பற்றி எழுத நிறைய இருக்கு, அது இன்னொரு நாளைக்கு. இன்னைக்கு நான் எழுத வந்தது, அடிபட்ட அரை மணி நேரத்துக்குள்ள அங்கே நடக்கிற ஒரு பேச்சைப் பற்றி.

கார் ஓட்டி வந்தவர் நல்ல மனுஷனாத்தான் இருப்பார். நிறுத்துவார், தண்ணி கொடுப்பார், ஆஸ்பத்திரிக்கும் வருவார். அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருத்தரைத் தனியா கூப்பிட்டு, “கேஸெல்லாம் வேண்டாங்க, செலவை நான் பார்த்துக்கிறேன், பேசி முடிச்சுக்கலாம்” என்பார். பெரியவரும் தலையாட்டுவார்: “அவரும் வேணும்னா இடிச்சாரு?” ஸ்டேஷன்ல இருக்கிறவருக்கும் ஒரு கேஸ் குறைஞ்சா நிம்மதி. “எழுதினா கோர்ட்டுக்கு அலையணும்மா, உனக்கு எதுக்கு?” கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று எழுதிக் கைநாட்டு வாங்கிடுவாங்க. இதுக்குப் பேர் பெருந்தன்மையாம். நான் இதைத் திருட்டுன்னு சொல்றேன்.

கோபப்படாம கேளுங்க. உங்க காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2018 செப்டம்பருக்குப் பிறகு புதுக் கார் வாங்கியிருந்தா, மூணு வருஷத்துக்குச் சேர்த்தே வாங்கியிருப்பாங்க. 2022-ல் அரசு நிர்ணயிச்சபடி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி.க்குள் இருக்கிற காருக்கு அது வருஷத்துக்கு 3,416 ரூபாய். அந்தக் காசை நீங்க யாருக்காகக் கட்டினீங்க? உங்க காரில் அடிபடப் போகிற, உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருத்தருக்காக. அந்த ஒருத்தர்தான் எங்க ஊர் பருத்திக்காட்டு அக்கா. அவங்களுக்காக ஏற்கெனவே பணம் கட்டிட்டு, அது அவங்க கைக்குப் போகாம நீங்களே கதவைச் சாத்துறீங்க. எஃப்.ஐ.ஆர். இல்லாம எம்.சி.ஓ.பி. போட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எடுத்த எடுப்பிலேயே ‘இப்படி ஒரு விபத்தே நடக்கலை’ன்னு நிப்பார்.

ஒரு கணக்கு சொல்றேன். 45 வயசு கூலித் தொழிலாளி, மாச வருமானம் 10,000, அவரை நம்பி வீட்டில் நாலு பேர். அவர் இறந்துட்டார்னு வையுங்க. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்கு 25 சதவீதம் சேர்க்கணும்: 12,500. சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிச்சா 9,375. வருஷத்துக்கு 1,12,500. அந்த வயசுக்குப் பெருக்க வேண்டிய எண் 14. ஆக 15,75,000 ரூபாய், அதுக்கு மேல ஈமச்சடங்குச் செலவு மாதிரி சில தொகைகள் தனி. இந்த மாதிரி ஒரு சாவைத்தான் எங்க பக்கம் டீக்கடை பெஞ்சுல வெச்சு ஒரு லட்சத்துக்குப் பேசி முடிக்கிறாங்க. அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்தவரைப் பற்றி ஊரே பெருமையா பேசும்!

போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஓர் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் போச்சு. கைக்கு வந்தது 15,000. இடிச்சவர் தன் கார் பம்பருக்கு மட்டும், ‘நாய் குறுக்கே வந்தது’ன்னு எழுதிக் கொடுத்து இன்சூரன்ஸ்ல கிளைம் வாங்கிட்டார். ஒர்க்‌ஷாப்ல வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பையன் மூலமாத்தான் இது தெரிஞ்சுது. பம்பருக்கு இன்சூரன்ஸ், காலுக்கு கைக்காசு. இதில் வேடிக்கை என்னன்னா, நோ கிளைம் போனஸ் போயிடும்னு பயந்துதான் பலர் கேஸ் வேண்டாங்கிறாங்க. அந்தப் போனஸ் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளைம் பண்ணினாத்தான் போகும். மூன்றாம் நபருக்குக் கொடுக்கிற நஷ்டஈட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜெயிலுக்குப் போகணுமேன்னு ஒரு பயம் இருக்கு, புரியுது. கவனக்குறைவா ஓட்டினதுக்கு, காயப்படுத்தினதுக்கு, ஏன், உயிர் போனதுக்குக்கூட (பாரதிய நியாய சன்ஹிதா 106(1)) ஜாமீன் கிடைக்கக்கூடிய பிரிவுகள்தான் போடுவாங்க. வழக்கு நடக்கும், நாலஞ்சு தடவை பெரம்பலூர் வரணும். உண்மையான தொல்லைதான். ஆனா காலை இழுத்துக்கிட்டு நடக்கிறதைவிடப் பெரிய தொல்லைன்னு என்னால ஒத்துக்க முடியலை.

எங்க ஆளுங்களும் ஏமாறத் தோதாத்தான் இருக்காங்க. டி.வி.எஸ். ஃபிப்டிக்கு இன்சூரன்ஸ் இருக்காது, ஓட்டுறவருக்கு லைசென்ஸ் இருக்காது. “ஸ்டேஷனுக்குப் போனா நம்ம மேலேயே கேஸ் திரும்பும்” என்று யாராவது சொன்னா வாயடைச்சுப் போயிடுவாங்க. அபராதம் வரலாம், அது வேற. லைசென்ஸ் இல்லைங்கிற ஒரே காரணத்தை வெச்சு அடிபட்டவர் மேல தப்பைச் சுமத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிடுச்சு.

இன்னொரு ஏமாத்து, சி.எஸ்.ஆர். ரசீது. புகார் கொடுத்ததும் ஒரு சீட்டைக் கிழிச்சுக் கொடுப்பாங்க. அதையே எஃப்.ஐ.ஆர்.னு நினைச்சு மஞ்சப்பையில் பத்திரமா வெச்சிருப்பாங்க. மாசக்கணக்கில் கழிச்சு வக்கீலிடம் காட்டும்போதுதான் தெரியும், மனு வாங்கிக்கொண்டதுக்கு அத்தாட்சி மட்டும்தான் அதுன்னு. நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாசம் கெடு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரலில் இருந்து அமலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. எஃப்.ஐ.ஆரே வந்தாலும் அதில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’னு எழுதிட்டா, சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, அவ்வளவுதான். கார் நம்பர் அந்தத் தாளில் ஏறுதா இல்லையாங்கிறதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறுது.

இத்தனைக்கும் சட்டம் எங்க பக்கம்தான் இருக்கு. கைது செய்யக்கூடிய குற்றம்னு தகவல் வந்தா எஃப்.ஐ.ஆர். பதிஞ்சே ஆகணும்னு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு. நகல் இலவசம், உடனே கொடுக்கணும். பதிய மாட்டேன்னா எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பலாம், அப்பவும் ஆகலைன்னா மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 90 நாளில் விரிவான அறிக்கை கொடுக்கணும்னு விதியே இருக்கு. இதெல்லாம் அந்த அக்காவுக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரி வாசல்ல ஏ.ஆர். காப்பி வாங்கித் தர்றேன்னு நிக்கிற புரோக்கர் சொல்வார், பாதியை அவர் எடுத்துப்பார்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் எங்களை மாதிரி ஊர்ல பிறந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போனவங்கதான். அதனால உங்களுக்கும் தனியா ஒண்ணு இருக்கு. ஊர்ல இருந்து போன் வருது: “சித்தப்பாவைக் கார் இடிச்சிருச்சு தம்பி, இருபதாயிரம் தர்றேங்கிறாங்க.” மீட்டிங் நடுவுல இருந்துக்கிட்டு, “லீவு கிடைக்காது, வாங்கிட்டு முடிச்சிருங்க”ன்னு சொல்லிடுறீங்க. படிச்ச பிள்ளையே சொல்லிட்டானேன்னு அவங்க அதுக்கு மேல யார்கிட்டயும் கேட்கிறதில்லை. சட்டம் இல்லாமப் போச்சுன்னு யாரும் ஏமாறலை, இந்த ஒரு வார்த்தையாலதான் ஏமாறுறாங்க. ஊருக்கு வரக்கூட வேண்டாம். “வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போடாதீங்க, கார் நம்பரை எழுதி வையுங்க, எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்க” என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எஃப்.ஐ.ஆர். பதிஞ்சாச்சான்னு தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம்.

கார்க்காரருக்கு: அடிபட்டவருக்கு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு பண்றதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்றதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. பயத்துல நிறுத்தாம வந்துட்டீங்க, தாம்பரம் தாண்டின பிறகுதான் கை நடுக்கம் நிக்குதுன்னாலும், திரும்பி பெரம்பலூர் வரணும்னு இல்லை. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம்னு 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. உங்க ஏரியா ஸ்டேஷனுக்குப் போய் வண்டி நம்பரையும் இன்சூரன்ஸ் நகலையும் கொடுத்து, இந்த இடத்தில் இந்த நேரத்தில் நான்தான் இடிச்சேன்னு சொல்லுங்க.