உம்மாவின் காஸ் போறணை



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைப் பயப்படுத்திவிட்டது. ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் உம்மா பாவித்த பழைய காஸ் குக்கர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் போறணையில்தான் கேக் அடித்து விற்று வருகிறேன். கொஞ்ச நாட்களாக, பற்றவைத்துவிட்டுத் திருகியிலிருந்து கையை எடுத்ததும் நெருப்பு அணைந்துவிடுகிறது. அதனால் உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றைச் செருகித் திருகியை அமர்த்தி வைத்திருக்கிறேன். இப்போது அணைவதில்லை. ஆனால் கேக் ஒரு பக்கம் கருகுகிறது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு என்கிறார் நானா. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?"

சகோதரி, கேக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் எழுந்துபோய் அந்தக் கிளிப்பைக் கழற்றுங்கள்.

உங்கள் போறணைக்குள், நெருப்புக்குப் பக்கத்தில், பென்சில் முனைபோல ஒரு சிறு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் தேர்மோகப்பிள். இரண்டு வகை உலோகங்களை ஒன்றாக ஒட்டிச் செய்தது. முனை சூடாகும்போது அதில் மிகச் சிறிய அளவு மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் ஒரு சிறு காந்தத்தை இயக்கி, காஸ் வரும் வழியைத் திறந்து பிடித்திருக்கும். நெருப்பு அணைந்தால் முனை ஆறிவிடும், காந்தம் பிடியை விடும், காஸ் நின்றுவிடும். நீங்கள் தொல்லை என்று நினைத்தது உண்மையில் வீட்டுக் காவற்காரன். கிளிப்பைச் செருகியபோது அவனுடைய கையைக் கட்டிவிட்டீர்கள்.

இனி ஒரு நாள் காற்றடித்து நெருப்பு அணைந்தால் காஸ் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் காஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு தீக்குச்சி போதும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நம் நாட்டில் எத்தனை குசினிகளில் காஸ் வெடித்தது என்பதை நாம் மறக்கவில்லை.

சரி, நெருப்பு ஏன் நிற்பதில்லை? ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

திருகியை அமர்த்திப் பற்றவைத்தபின் இருபது, முப்பது விநாடி அப்படியே பிடித்திருங்கள். முனை சூடாக அவ்வளவு நேரம் வேண்டும். அவசரத்தில் கையை எடுப்பதே பலருடைய குறை.

அதன் பின்பும் அணைந்தால், நெருப்பு அந்த முனையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். முனை வளைந்து விலகியிருக்கலாம், கரி பிடித்திருக்கலாம். சிலிண்டரை மூடி, போறணை நன்றாக ஆறியபின், பழைய பல் பிரஷால் முனையை மெதுவாகத் துடையுங்கள். பர்னரின் துவாரங்களையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். 2022இல் காஸ் கிடைக்காமல் பல வீடுகளில் குக்கர்கள் சும்மா கிடந்தன. அப்படிக் கிடந்த பர்னருக்குள் சிலந்தி கூடு கட்டும், துருத்தூள் சேரும். ஆனால் காஸ் வரும் ஜெட்டின் நுண்ணிய துவாரத்தில் ஊசியை விடாதீர்கள். அது பெருத்துவிட்டால் நெருப்பு மஞ்சளாகிக் கரி கக்கும். நீல நெருப்புத்தான் நல்ல நெருப்பு. மஞ்சள் நெருப்பு, நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவைத் தரக்கூடும். ஆகவே போறணை எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இவ்வளவும் செய்து பயனில்லையென்றால் தேர்மோகப்பிள் தேய்ந்துவிட்டது. அதை மாற்றலாம். பழையதன் நீளத்துக்கும் மரைக்கும் பொருந்தும் ஒன்றை வாங்கி, காஸ் வேலை தெரிந்தவரைக் கொண்டே பூட்டுங்கள். பூட்டியபின் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது கேக்குக்கு வருவோம். தட்டொன்றில் தண்ணீர் ஊற்றிப் போறணைக்குள் வையுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் சரிந்தால் குக்கரின் கால் சமமில்லை. ட்ரேயைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பெரிய ட்ரே சூட்டை அடைத்துவிடும். உள்ளே மெல்லிய குழாயோடு தொங்கும் உணர்கம்பி கிளிப்பிலிருந்து நழுவிச் சுவரில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால் சூட்டைப் பிழையாகக் கணிக்கும். ஆறிய போறணையின் கதவில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வந்தால் அந்தப் பக்கத்தால் சூடு வெளியேறுகிறது. மிகப் பழைய போறணைகளின் கதவுக் கயிற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும்; அதைச் சுரண்டாதீர்கள். திருகியில் 1, 2, 3 என்று இலக்கம் மட்டும் இருக்கும் இங்கிலாந்துக் குக்கர் என்றால், 4 என்பது ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ். போறணை வெப்பமானி ஒன்று வாங்கிவைத்தால் திருகி சொல்வது சரிதானா என்று தெரியும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய குக்கர்களின் ஜெட் வேறு வகைக் காஸுக்காக இருக்கலாம். இங்கிலாந்தில் 1967 முதல் 1977 வரை நிலக்கரிக் காஸை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறினார்கள். நமது சிலிண்டர் காஸ் இரண்டுமல்ல. ஜெட் மாற்றாமல் பாவிக்கக்கூடாது.

காஸ் மணத்தால் சுவிச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.

நானாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: உள்ளே காஸ் குழாய் துருப்பிடித்து அரித்திருந்தால், அல்லது வால்வு கசிந்து மாற்று கிடைக்காவிட்டால், அவர் சொல்வதே சரி, கொடுத்துவிடலாம். அப்படியில்லையென்றால் ஒரு சிறு கம்பிக்காக உம்மாவின் போறணையைத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை.

கிளிப்பைக் கழற்றியாயிற்றா? அடுத்த கடிதத்தில் எனக்கு முதலில் அதை எழுதுங்கள்.