குறை இரும்பிலா, எங்கள் அவசரத்திலா?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. ஊரில் மாடு பார்ப்பவர்கள் மாடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கத்தியைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன பெருநாளன்று எமது வளவில் உழ்ஹிய்யா இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தபோது, புதுக் கத்தியின் கூரில் நகமளவு துண்டொன்று தெறித்துப் போனது. எலும்பில் பட்ட ஒரே வெட்டுத்தான். துண்டு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. பங்கு போட்டுக் கட்டிய பொதிகளையெல்லாம் திரும்ப அவிழ்த்துக் கொட்டித் தேடினோம். கடைசியில் பழுதான ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றிவந்து பிடித்தபோதுதான் அது அகப்பட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகவிருந்த பொதி அது. அல்லாஹ் காப்பாற்றினான்.

"இரும்பு சரியில்ல", "இப்ப உள்ள கம்மாலைக்காரருக்கு வேலை தெரியா" என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். நாமும் சேர்ந்துதான் சொன்னோம்.

அடுத்த கிழமை அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு கம்மாலைக்குப் போனோம். பக்கத்துத் தமிழ் ஊரில் உள்ள கம்மாலை. எங்கள் மூத்தவாப்பா காலத்தில் இருந்து தாக்கத்தியும் மண்வெட்டியும் கோடாலியும் அங்கேதான் அடித்து வருகிறோம். அண்ணன் கோபப்படவில்லை. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேர், நீங்க இத எப்ப கேட்டீங்க, நான் எப்ப தந்தன்?"

எங்களுக்கு வாய் வரவில்லை. பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது போய், வாசலில் நின்று அவசரப்படுத்தி, அன்று பின்னேரமே வாங்கி வந்த கத்தி அது. அன்று எங்களைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நின்றார்கள்.

உடைந்த இடத்தை அவர் எங்களுக்கும் காட்டினார். சீனி கொட்டியது போலப் பருமணியாக மினுங்கியது. பதம் சரியாக விழுந்த உருக்கை உடைத்தால் உள்ளே சீமெந்து போல மங்கலான சாம்பல் நிறம்தான் தெரியும். சீனி போலத் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரும்பில் குறையில்லை. நல்ல லொறி ஸ்பிரிங் தகடுதான். பிழை நடந்தது நெருப்பில்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு இது புத்தகத்தில் தெரிந்த விடயம்தான். ஆனால் கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். சுருக்கமாகச் சொல்கிறோம். உருக்கு என்பது இரும்பில் கொஞ்சம் காபன் சேர்ந்தது. ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்தக் காபன் இரும்புக்குள் கரைந்து பரவும். அந்த நிலையில் சட்டென்று தோய்த்தால் காபன் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கத்தி கடினமாகும். சூடு குறைந்தால் கடினம் ஏறாது, அரம் பிடித்தால் மண்ணாங்கட்டி போல அராவும். சூடு மிஞ்சினால் உள்ளே உள்ள நுண்மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்ட கத்தி பார்வைக்கு நல்ல கத்திதான், எலும்பில் படும்வரை.

அந்தச் சூட்டை அவர் அளப்பது கண்ணால். முற்றிய செர்ரிப் பழச் சிவப்பு வந்தால் சரி. செம்மஞ்சளானால் கூடிவிட்டது. வெள்ளையாகிப் பொறி பறந்தால் உருக்கே எரிகிறது. இந்த நிறங்கள் வெயிலில் தெரியாது. வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிகிற சிவப்பு, இருட்டில் பார்த்தால் பிரகாசமாக இருக்கும். கம்மாலை ஏன் இருட்டாக இருக்கிறது என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். அந்த இருட்டுத்தான் அவருடைய வெப்பமானி. நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. பட்டப்பகலில், தகரத்தை விலக்கிவிட்டு, "கெதியாப் பாருங்க அண்ணன்" என்று நின்றால் அவர் கண் என்ன செய்யும்?

இன்னொன்று, துருத்தி போய் மின்சார புளோவர் வந்தது. துருத்தி இழுக்கிற பொடியன் முதலாளியின் முகத்தைப் பார்த்துக் காற்றைக் குறைப்பான், கூட்டுவான். புளோவருக்கு முகம் பார்க்கத் தெரியாது. சிரட்டைக்கரியை அது நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கும். கத்தியின் முதுகு சிவக்குமுன்பே மெல்லிய நுனியும் கூரும் கொதித்துவிடும். ஒரே நெருப்பில் நாலைந்து கத்தியை வைத்தால் எதை முதலில் எடுப்பது?

தோய்த்ததோடு வேலை முடிவதுமில்லை. தோய்த்த கத்தி கண்ணாடி போல, கீழே விழுந்தாலே உடையக்கூடும். அதை மினுக்கி, மெதுவாகத் திரும்பச் சூடு காட்ட வேண்டும். அப்போது மேலே நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள் என்றால் 220, 230 பாகை அளவு. அது அறுக்கிற கத்திக்குப் போதும். கபிலமும் ஊதாவும் 250 முதல் 280 வரை. அது எலும்பு வெட்டுகிற, தேங்காய் உரிக்கிற, அடி தாங்க வேண்டிய கத்திக்கு. நீலம் 300 பாகைக்குக் கிட்ட. அதற்கு மேல் போனால் கூர் நிற்காது. எங்கள் கத்திக்கு இந்த இரண்டாம் சூடு கிடைக்கவேயில்லை. அதற்குத் தேவையான நேரத்தைத்தான் நாங்கள் வாசலில் நின்று பறித்துவிட்டோம்.

அன்று அந்த ஸ்பீக்கர் காந்தமும் எங்கள் சட்டைப் பையில் இருந்தது. இரும்பு 770 பாகையில் காந்தத்தை விட்டுவிடும் என்று தரம் 10 பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அண்ணனிடம் சொன்னோம். சிவந்த தகட்டை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. "என்ட கண்ணும் இதத்தான் சொல்லுது, ஆனா கண்ணுக்கு வயசாகுது சேர்" என்று சிரித்தார். கறியுப்பு 801 பாகையில் உருகும். சூடான தகட்டில் ஒரு சிட்டிகை தூவி, அது உருகினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அறியலாம். இரண்டுக்கும் செலவில்லை. இப்போது அவருடைய பட்டடைக்குப் பக்கத்தில் ஒரு காந்தம் தொங்குகிறது. புளோவரின் குழாய்க்கு ஒரு தகரக் கதவும் போட்டுவிட்டார்.

எங்கள் உடைந்த கத்தியையும் அவர் எறியவில்லை. அளவான சிவப்புக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிட்டார். அப்படி மூன்று தரம். பருத்த மணி திரும்பச் சிறுக்கும் என்றார். பிறகு உடைந்த இடம் போகும்வரை தேய்த்து, சூடாக்கி, இளஞ்சூட்டு ஒயிலில் தோய்த்து, நிறம் ஓடவிட்டுத் தந்தார். அன்று எட்டு நாள் பொறுத்தோம்.

உருக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகில் சமனலவெவவில் பருவக்காற்றைக் கொண்டே உலையை எரித்து இரும்பு உருக்கிய இடங்களைத் தொல்லியலாளர் கில்லியன் ஜுலெப் கண்டறிந்து 1996இல் உலகுக்குச் சொன்னார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீப் வாளையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கம்மாலைக்காரரின் மகன் நெருப்பின் நிறம் படிக்காமல் கட்டாருக்குப் போக விசா பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வருடத்தில் மூன்று நாள் மட்டும் அந்த வாசலுக்குப் போகிற நாங்கள், அந்த மூன்று நாளும் சத்தம் போடத்தானே போகிறோம்?

கடைக் கத்தி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வெங்காயம் வெட்ட நல்லது. ஆனால் அது மழுங்கினால், உடைந்தால், திரும்பப் பதம் வைத்துத்தர ஆளில்லை. அறுக்கிற பிராணியை வதைக்காமல் கத்தியைக் கூராக்கிக்கொள்வது நபிவழி. அதற்கான ஏற்பாட்டைப் பெருநாளைக்கு முந்திய பின்னேரத்துக்குத் தள்ளிவைப்பது எப்படி நியாயம்?

ஆகவே ஊரவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கத்தியை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். அறுக்கவா, எலும்பு வெட்டவா என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டாம் சூட்டுக்கு உரிய கூலியையும் பேசிக் கொடுங்கள். வீட்டில் கிரைண்டரில் பிடித்துக் கூரை நீலமாக்காதீர்கள், அந்த நீலத்தோடு பதம் போய்விடும். ஆசிரிய நண்பர்களே, ஒரு நாளைக்குப் பிள்ளைகளை அந்தக் கம்மாலைக்குக் கூட்டிப் போவோம். 770 என்று எழுதிவைத்து மனனம் செய்ததை அவர்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும்.

இந்த வருடத்துக் கத்தியைப் போன கிழமையே கொடுத்துவிட்டோம். மஃரிபுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். நிறம் நன்றாகத் தெரிகிற நேரம் அதுதானாம்.

வஸ்ஸலாம்.