வெள்ளவத்தையிலிருந்து பாரிசுக்கு

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிரான்சு செல்வதென எமது இல்லத்தில் முடிவாகி மூன்று வாரமாகின்றது. முடிவு ஒரு மாலைப் பொழுதிலே செய்யப்பட்டது. ஏற்பாடுகளோ இன்னும் முடிந்தபாடில்லை.

எம் பாட்டனார் காலத்தில் இத்தகைய பிரயாணம் கொட்டாஞ்சேனைக்கு அயலிலேயே தொடங்கிற்று. கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சென்ற மெசாஜெரி மரித்தீம் கம்பனிக் கப்பலில் ஏறினால், சூயஸ் வழியாக ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மார்செய் துறையை அடையலாம். 1950களில் 'கம்போஜ்', 'லாவோஸ்', 'வியட்நாம்' என்னும் மூன்று சகோதரக் கப்பல்கள் அவ்வழியே ஓடின. இன்று இடையில் ஓரிடத்தில் விமானம் மாறினாலும் ஒரு நாளுக்குள் பாரிஸ். ஆயினும் காகிதங்கள் நகரும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கப்பலே முந்திவிடும் போலும்!

பிள்ளைகள் இதனை உல்லாசப் பிரயாணமென்று சக மாணாக்கரிடம் சொல்லித் திரிகின்றனர். அம்மாவுக்கு அது அவ்வளவன்று. எமது அண்ணர் 1986 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று, பாரிசில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அகதிக்கு அங்கு வழங்கப்படும் பயணப் பத்திரத்தைக் கொண்டு பிறந்த நாட்டுக்கு வருதல் இயலாது. 2003 இல் தந்தையார் காலமானபொழுது மூத்தவர் செய்யவேண்டிய கிரியைகளை நாமே செய்தோம். அம்மாவுக்கு இப்பொழுது எழுபத்தெட்டு வயது.

சென்ற ஆண்டு அவரைத் தனியே அனுப்ப முயன்று தோல்வியுற்றோம். திரும்பி வருவார் என்பதற்குப் போதிய சான்றில்லை எனப் பதில் வந்தது. கட்டிய பணமும் போயிற்று. வெள்ளவத்தை வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் துறந்து, பாரிசின் குளிரில் ஒளிந்திருக்கப் போகின்றார் என எவர்தாம் எண்ணினரோ!

ஆகையால் இம்முறை அனைவருமாகச் செல்கின்றோம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாட்களுக்கு விட்டுவைத்தல் ஆகாது. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு 45 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வீட்டில் தங்கவைப்பவர் தமது நகரசபையிலே அதற்குரிய சான்றிதழைப் பெற்று அனுப்பவேண்டும்; அண்ணர் அதற்காக ஒரு நாள் வேலையை விட்டு வரிசையில் நின்றார். கல்லூரி விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு என எமது கோவை இப்பொழுது ஓர் அகராதியின் பருமனாயிருக்கின்றது. வாசகர்க்கு ஒன்று சொல்வோம்: விசா கைக்கு வருமுன் பிரயாணச்சீட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். முதியவர் உடன்வந்தால் சக்கர நாற்காலியைச் சீட்டுப் பதியும்பொழுதே கேட்டு வையுங்கள்.

நாளைத் தீர்மானித்தவர் அம்மாவே. லா சப்பல் பகுதியில் 1985 இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஓகஸ்ட் முடிவிலோ செப்ரெம்பர் தொடக்கத்திலோ பாரிஸ் வீதிகளில் வலம் வரும். வழியெங்கும் கற்பூரமும் சிதறு தேங்காயுமாக இருக்கும். பள்ளி தொடங்கி ஒரு வாரம் போனாலும் குற்றமில்லை, தேரைக் கண்டே திரும்புவோம் என்றார். கல்லூரி ஆசிரியராகிய நாம் இதற்கு இணங்கியதை எமது அதிபர் படிக்காதிருப்பாராக.

பெட்டியைப் பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. இறைச்சி, பால் ஆகியவற்றாலான பண்டங்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுசெல்ல விடார். ஆகவே பால் ரொபி இல்லை. காய், கனிகளுக்கும் நற்சான்றுப் பத்திரம் வேண்டும். ஆகவே முருங்கைக்காயும் இல்லை. லா சப்பல் கடைகளில் முருங்கைக்காய் தாராளமாகக் கிடைக்கும் என்று ஆறுதல் கூறினோம்.

"அது அவன் வாங்கியதாகும் தம்பி, நான் கொண்டுபோனதாகுமோ?" என்றார்.

விலக்குப் பெற்ற காய்கனிகள் ஐந்து எனத் தேடியறிந்து வாசித்துக் காட்டினோம்: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், தூரியன், தேங்காய். கடைசிச் சொல்லில் அம்மா எழுந்து கொல்லைப்புறம் சென்றார்.

இரண்டு தேங்காய்கள் இப்பொழுது சாமியறையில் இருக்கின்றன. விண்ணப்பம் கொடுக்க எமக்குக் கிடைத்திருப்பது வரும் செவ்வாய்க்கிழமை.