நாதம் புனிதம், தோல் தீட்டா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் திருவிழாக் காலம் பிறந்தால் செண்டையும் தவிலும் முழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாநில எல்லை ஊர்களைப் பிரித்ததேயன்றி மேளத்தைப் பிரிக்கவில்லை. மேளம் கட்டும் கைகளையோ சாதியின் எல்லை இன்றும் விலக்கியே வைத்திருக்கிறது.

பலாமரத்தைக் குடைந்து, அதன் இருபுறமும் தோல் போர்த்தி, வார் பிடித்துச் சுருதி கூட்டுவது நுட்பமான உழைப்பு. காலணி செய்யும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. பதனிடாத தோலே நாதம் தரும். மயிரையும் கொழுப்பையும் வழித்து, இழுத்துக் கட்டி, வெயிலில் உலர்த்த வேண்டும். காலம் தாழ்த்தினால் பச்சைத்தோல் அழுகிவிடும். எனவே அருகிலுள்ள இறைச்சிக் கூடமே இத்தொழிலின் ஊற்றுக்கண்.

அந்த ஊற்றைத்தான் சங் பரிவாரத்தின் பசு அரசியல் அடைக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். 2017 மே 23 அன்று, கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடுகளை விற்பதற்குத் தடை விதிக்கும் விதிகளை ஒன்றிய அரசு பிறப்பித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30 அன்று அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. ஆயினும் சாலைகளில் குண்டர்களின் அச்சுறுத்தல் ஓயவில்லை. கேரளத்தின் இறைச்சிக்கான மாடுகளில் பெரும்பகுதி தமிழகம் உள்ளிட்ட வெளிமாநிலங்களிலிருந்தே வருகிறது. சந்தை முடங்கினால் இறைச்சிக் கூடம் முடங்கும். கூடம் முடங்கினால் மேளம் கட்டுபவர் வீட்டில் அடுப்பு எரியாது.

இதன் மறுபக்கம் பண்பாட்டுப் பாசாங்கு. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டு விழாவுக்கு அளித்த அனுமதியை, 2020இல் ஒன்றிய அரசின் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோலின் ஒலி மேடைக்கு வேண்டும். அதை உருவாக்கியவரின் வரலாறு மட்டும் வேண்டாமாம்!

நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டி ஏறிப் பொதுவழியின் மீதான உரிமையை நிலைநாட்டினார். அந்த மண்ணில் உழைப்பின் கண்ணியத்துக்கான போராட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகள் முற்றாகத் திரும்பப் பெறப்பட வேண்டும். உள்ளாட்சி இறைச்சிக் கூடங்களில் மேளத் தொழிலாளர்களுக்கு நியாய விலையில் பச்சைத்தோல் கிடைக்கச் செய்ய வேண்டும். இசைப்பவருக்கு நிகராக மேளம் கட்டுபவரையும் கலைஞராக ஏற்று, எல்லையின் எப்புறம் வாழ்ந்தாலும் நலத்திட்டங்களில் இரு மாநில அரசுகளும் சேர்க்க வேண்டும். சிதறிக் கிடக்கும் இத்தொழிலாளர்களை அமைப்பாக்குவது தொழிற்சங்க இயக்கத்தின் கடமை. அதில் இனியும் தாமதம் கூடாது.

தோலைத் தொடத் தயங்கும் சமூகத்துக்கு அதன் நாதத்தில் பெருமை கொள்ள உரிமையில்லை.