அவளையும் மைதானத்துக்கு அழையுங்கள்

“பாவம், அந்தப் பிள்ளை உட்காரட்டும்; அவளால் முடியாது.” செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள சிறுமியைப் பற்றி, விளையாட்டு வகுப்பு நேரத்தில் பல பள்ளிகளில் கேட்கும் சொல் இது. இரக்கத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் அந்த இரக்கம் அவளுக்கு நன்மை செய்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, கைக்குழந்தைப் பருவத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பே இதற்குக் காரணம். இது தொற்றுநோய் அன்று. யாருடைய பாவத்தின் பலனும் அன்று. மூளையின் பாதிப்பு நாளடைவில் பெருகுவதும் இல்லை. ஆனால் தசைகள் இறுகியும் வலுவிழந்தும் இருப்பதால் நடை கடினமாகிறது.

எவ்வளவு கடினம்? எண்ணூர்க் கடற்கரை மணலில் நடந்தவர்களுக்குத் தெரியும். கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. இக்குழந்தைகளுக்கோ சிமென்டுத் தரையும் மணலைப் போன்றதே. பாதிப்பின் அளவைப் பொறுத்து, நடப்பதற்கு மற்றவரைப்போல் இரண்டு மடங்கு, சிலருக்கு மூன்று மடங்கு சக்தி வேண்டும்.

செலவு மிகுதி, கையிருப்போ குறைவு. ஓடியாடாத உடலில் மூச்சுத் திறனும் தசை வலுவும் குறைந்தே இருக்கும். உட்கார வைக்க வைக்க அந்தக் கையிருப்பு மேலும் கரைகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் வளர்ந்து எடை கூடும்போது, அதுவரை நடந்த சிலர் நடப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வரும் வயது அதுதான் அல்லவா?

உடற்பயிற்சி தசை இறுக்கத்தை அதிகமாக்கும் என்று முன்பு அஞ்சினார்கள். அந்த அச்சம் தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உடற்குறையுள்ள பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது.

ஆகவே என் கருத்து இது: அவள் சக்தியை மாடிப்படியில் வீணாக்காதீர்கள், மைதானத்தில் செலவிட விடுங்கள். அவள் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாம். நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலி வெட்கமன்று. மிச்சமாகும் சக்தியை விளையாட்டுக்குத் தரலாம். பெஞ்சிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், ஒற்றைப் படியில் ஏறி இறங்குதல், நாற்காலியில் இருந்தபடி பந்தெறிதல் போன்றவற்றை இயன்முறை மருத்துவரின் யோசனைப்படி செய்யலாம். செலவும் அதிகமில்லை.

“இதற்கெல்லாம் தனி நிலையங்கள் இருக்கின்றனவே?” எனலாம். உண்டு. 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து அங்கே செல்ல நகரத்தையே கடக்க வேண்டும். தினமும் எந்தத் தாயால் முடியும்? கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் எண்ணூர்ச் சாலையோரத்தில் நடைப்பயிற்சிக்கு இடமேது? இராயபுரம் முதல் எண்ணூர் வரை, குழந்தைக்கு அஞ்சாமல் நடக்கக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளி மைதானமே.

“விழுந்தால் யார் பொறுப்பு?” என்ற கேள்வியும் எழும். விழாமல் விளையாடக் கற்ற பிள்ளை எங்கே இருக்கிறாள்? கவனத்தோடு துணை நிற்போம். கதவைச் சாத்த வேண்டாம். மேலும் இது சலுகையும் அன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளுக்குக் கல்வியோடு விளையாட்டிலும் சம வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

பெற்றோரே, “என் மகளுக்கு விளையாட்டு வேண்டாம்” என்று கடிதம் கொடுத்தனுப்பாதீர்கள். அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, விளையாட்டு விழாப் பட்டியலில் அவளுக்கும் ஒரு போட்டி சேருங்கள். மாணவியரே, உங்கள் பங்கு எல்லாவற்றிலும் எளிது. பந்தை அவள் பக்கமும் எறியுங்கள்!